பின்னோக்கி நடந்தால் மட்டும்

இன்று காலை உன் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். குடவாசலில் ஏறிய கூட்டம் கும்பகோணம் வரைக்கும் இறங்காத திங்கட்கிழமை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். திரையில் உன் பெயர். ஒரு நொடி, "இவன் எதுக்கு மெயில் அனுப்புறான், போன் பண்ணலாமே" என்றுதான் தோன்றியது. அடுத்த நொடி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மயக்கம் வருதா? செத்த ஒக்காருறியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

அனுப்பியது நீ இல்லை. நம் ஆபீஸ் மென்பொருள். பிழைகளைப் பதிந்து வைப்போமே, அதேதான். 'இந்தப் பிழையை வெகு நாட்களாக யாரும் தொடவில்லை. ஏழு நாட்களில் தானாக மூடப்படும். திறந்தே இருக்க வேண்டுமென்றால் ஒரு வரி எழுதவும்.' கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் என் பெயர். நீ ஓட்டை ஆங்கிலத்தில் எழுதிய தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வயல் மூலை. பின்னோக்கி நடந்தால் மட்டும் ஆள் மண்ணுக்குள் விழுகிறான்.'

இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த மெயில்தான் காரணம். எனக்கு எழுத வராது. உனக்குத் தெரியும். என்னுடைய பிழை அறிக்கைகள் எல்லாம் 'கதவு திறக்கல', 'வண்டி நின்னுடுச்சு' என்ற அளவில்தான் இருக்கும். நீ வந்து பின்னால் நின்று, "எந்தக் கதவு? எத்தனாவது தடவ? கையில அப்ப என்ன இருந்துச்சு?" என்று உயிரை எடுப்பாய்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் கேம்களில் பிழை தேடுகிற இந்த வேலைக்கு வந்தோம். பாத்திரக்கடை மாடி. கீழே குடம் தட்டுகிற சத்தம், மேலே போனைக் குனிந்து பார்க்கிற கூட்டம். நான் என்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, கூரியர், மொபைல் கடை, ஏசி மெக்கானிக் என்று எங்கேயும் மூன்று மாதம் தாண்டாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தா மஸ்கட்டில் இருந்து போன் போட்டு, "வெளையாடுறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் அது விளையாட்டே இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூடுவதற்குப் பெயர் விளையாட்டா?

ரேவதி அக்காதான் குழுவுக்குத் தலைவர். ஆளுக்கு ஒரு போனைக் கையில் கொடுத்து, "வெளையாட வேணாம். ஒடைச்சுக் காட்டுங்க," என்றார். நான் கண்ட பொத்தானையெல்லாம் ஒன்றாக அமுக்கி, சார்ஜரைச் சொருகிப் பிடுங்கி, போனைக் குப்புறத் திருப்பி, பத்தே நிமிடத்தில் அந்தக் கேமைக் கறுப்புத் திரையாக்கிவிட்டேன். பெருமையோடு உன் பக்கம் திரும்பினால், நீ ஒரு மதில் சுவரை ஒட்டியே நடந்துகொண்டிருந்தாய். எதிரிகள் சுடுகிறார்கள், நீ கண்டுகொள்ளவில்லை. சாகிறாய், எழுந்து வந்து மறுபடி விட்ட இடத்திலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாய். ஒரு மணி நேரம் கழித்து ஒரு இடத்தில் உன் ஆள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனான். "இங்க ஒரு சந்து இருக்குக்கா," என்றாய், ரொம்பச் சாதாரணமாக.

இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். கீழே டீக்கடையில் கேட்டேன்: "ஏன் மாப்ள, செவத்தையே தடவிக்கிட்டு இருந்த?"

"எல்லை எங்க முடியுதுன்னு தெரியாம உள்ளாற நின்னு என்னத்த பண்றது பாய்?"

அது கேமைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆறு மாதம் கழித்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் விவசாய கேம் வந்தது. ஆறு, வயல், மாட்டுக்கொட்டகை, நாற்று. விரலால் தட்டினால் நான்கு நிமிடத்தில் கதிர் முற்றிவிடும். "நாலு நிமிசம்! எங்கம்மாட்ட சொன்னேன்னா அழுதுடும்," என்றாய். அந்த ஒரு கேமைத்தான் நீ விளையாடி நான் பார்த்தேன். முதல் வாரமே வரிசையாகப் பிழை பதிந்தாய். நெல் மக்காச்சோளம் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கிறது. தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடுகிறது. அறுத்த வயலில் நெல்தாள் இல்லை, சிமெண்ட் போட்ட மாதிரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அங்கிருந்து ஒரே பதில் வந்தது: 'டிசைன்படி.' அதாவது, இது பிழையில்லை, நாங்கள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறோம், நீ வேலையைப் பார்.

அந்த வார்த்தை உன்னைப் பிடித்துக்கொண்டது. பிழையை நாம் 'பக்' என்போமே, அதையும் சேர்த்துக்கொண்டாய். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனால், "இது பக்கா, டிசைனா?" என்பாய். டீயில் சர்க்கரை இல்லையென்றால் மாஸ்டரிடமே கேட்பாய். அவர் உன்னை முறைப்பார். உன் தாத்தா கதையையும் இதே கேள்வியோடுதான் சொன்னாய். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைக் கூலி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலம். மேடை போட்டு, மைக் கட்டி, மந்திரி கையால் உன் தாத்தாவுக்கு மூன்று மா நிலத்துக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, பட்டா கொடுத்திருக்கிறார்கள்.

"மால போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. வயல் எங்க இருக்குன்னு காட்டத்தான் ஒருத்தனும் வரல. எங்க தாத்தா பட்டாவ மடிச்சு மடியில வச்சுக்கிட்டு ரெண்டு வருசம் வரப்புலயே நின்னுச்சு. எறங்க விடல மிராசுதார் ஆளுங்க. வெவசாய சங்கத்துக்காரங்க கூட்டமா வந்து எறக்கி விட்டாங்க. சொல்லு பாய், அது பக்கா, டிசைனா?"

நான் வடையைச் சாப்பிட்டேன். எனக்கு அப்போது நிலம் என்றால் பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஓடுவது. அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்த மூலை.

நீ பதிந்த பிழை சரிபார்க்க என்னிடம் வந்தது. வயலின் மேற்கு மூலையில் ஆள் மண்ணுக்குள் விழுகிறான் என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை அந்த மூலைக்கு நடந்து போனேன். விழவில்லை. 'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதி மூடினேன். நீ திறந்தாய். நான் மறுபடி மூடினேன். இரண்டாம் தடவை நடந்தே பார்க்கவில்லை என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கேரம் போர்டு விளையாடக் கூப்பிட்டார்கள், போகிற அவசரத்தில் மூடிவிட்டேன்.

மறுநாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய்.

"பாய், அந்த மூலைக்கு எப்படிப் போன?"

"கால்லதான்."

"மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"போற பக்கம். வேற எந்தப் பக்கம் இருக்கும்?"

"கையில நாத்து இருந்துச்சா?"

"இருந்துச்சுடா. என்ன இப்ப?"

"நாத்து நடுறவன் முன்னாடி போவானாடா? நட்டதையே மிதிச்சுக்கிட்டா போவான்?"

குடவாசலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வயல்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில், மதரசா போகிற வழியில், வருடா வருடம் நடவு ஆட்களைப் பார்த்திருக்கிறேன். குனிந்த முதுகுகள், சேற்றில் கைகள். அவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு நீ என் போனை வாங்கி, ஆளைத் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு நாற்றாக நட்டுக்கொண்டே பின்னால் நகர்த்தினாய். மூலை வந்தது. ஆள் சட்டென்று கீழே போனான். வயல் தலைக்கு மேலே கூரை மாதிரி போய்விட்டது. கீழே வானம். அவன் குனிந்தபடியே, கையில் நாற்றுக்கட்டோடு, விழுந்துகொண்டே இருந்தான்.

"பாரு பாய், உலகமே போச்சு. நம்மாளு நாத்த விடல!"

நாம் சிரித்த சிரிப்பில் ரேவதி அக்கா எழுந்து வந்து திட்டினார். கீழே பாத்திரக்கடைக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்திருப்பார்.

வெளிநாட்டுக்காரன் பதில் போட்டான். பின்னோக்கி நடக்கிறவர்கள் மிகக் குறைவு, அவசரமில்லை, பிறகு பார்க்கலாம். நீ அதைப் படித்துவிட்டு, "நடவு ஆளுங்க யாரும் வெளையாட மாட்டாங்கன்னு அவனே முடிவு பண்ணிட்டான்," என்றாய். பிழை திறந்தே கிடந்தது. அன்றிலிருந்து ஐந்து மணிக்குப் பையைத் தூக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தை: "பாய், அத மூடிடாத." மற்றவர்கள் 'வரேன்' என்று சொல்வதை நீ அப்படிச் சொன்னாய்.

உன் ஊருக்கு நான் முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீடாமங்கலத்தில் இறங்கி, நீ பைக்கில் வந்து அழைத்துப் போனாய். வயலைக் காட்டுகிறேன் என்றாய், மூலையைத்தான் காட்டினாய். கேமில் இருந்த அதே மேற்கு மூலை. இங்கே ஆள் விழவில்லை, மூலையே காணாமல் போயிருந்தது.

பக்கத்து வயல் பழைய மிராசுதார் வீட்டுப் பேரனுடையது. அவர் அதை மனைக்கட்டாக்கப் போகிறார். அதற்கு முந்தின வருடம் அறுவடை மெஷின் திரும்புவதற்காக அந்த மூலையில் வரப்பை வெட்டினார்கள். மெஷின் போன பிறகு வரப்பு நாலடி உள்ளே தள்ளி முளைத்தது. கல் முளைக்கவில்லை. சர்வே கல், உன் தாத்தா காலத்தில் நட்ட எல்லைக்கல். போனது ஏழு குழிதான், இரண்டு சென்ட் சொச்சம். ஆனால் வாய்க்காலில் இருந்து உன் வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற வாய்மடை அந்த ஏழு குழியில்தான் இருந்தது. அது போனால் மூன்று மாவும் வானம் பார்க்க வேண்டியதுதான். பிறகு நீங்களாகவே வந்து மனைக்கட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவீர்கள். அதுதான் டிசைன் என்றாய்.

அந்தப் பேரன் நம் வயதுதான், உன்னோடு ஒரே பள்ளிக்கூடம். மோசமாகக்கூடப் பேசவில்லை. காரில் இருந்து இறங்காமல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கென்னப்பா, கல்லக் காட்டு. இப்பவே வரப்ப வெட்டி விட்டுடுறேன்."

கோடை முழுக்கக் கடப்பாரையோடு தேடினாய். நானும் இரண்டு ஞாயிறு வந்தேன். போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நீலப் புள்ளி காட்டுகிற இடத்தில் எல்லாம் குத்தினோம். புள்ளி ஒரு நேரம் வாய்க்காலில் நின்றது, ஒரு நேரம் ரோட்டில் நின்றது. "இந்தப் புள்ளி குடிச்சிருக்கு பாய்," என்றாய். மண் பாறையாகக் கிடந்தது. உன் அம்மா வரப்பில் உட்கார்ந்து நம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு கொண்டுவந்திருந்தார். "சாப்புட்டுட்டுக் குத்துங்கடா," என்றார். வேறு எதுவும் அவரிடம் நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனு கொடுத்தாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 'மேன்மை தாங்கிய சமூகத்திற்கு' ஒன்றும் இல்லை. நம் பிழை அறிக்கையின் அதே மூன்று தலைப்பு. செய்தது. நடந்தது. நடக்க வேண்டியது. நான் ஒரு மணி நேரம் உன்னோடு வரிசையில் நின்றேன். வாங்கிப் படித்த கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு உன்னைப் பார்த்தார்.

"என்னய்யா இது, 'நடக்க வேண்டியது'ன்னு எழுதியிருக்க? அத நாங்கல்ல சொல்லணும்?"

"நீங்க சொல்லலீங்களே சார். அதான் எழுதிட்டேன்."

ஆடியில் பதில் வந்தது. எல்லைக்கல் காணப்படவில்லை. அளக்க இயலவில்லை. மனு முடிக்கப்பட்டது. நீ அதை மேசையில் என் முன்னால் விரித்தாய். "மீண்டும் நிகழவில்லை, மூடப்பட்டது. உன்ன மாதிரியே ஒருத்தன் அங்கயும் இருக்கான் பாய்," என்றாய். நான் சிரித்தேன். எனக்கு உறைத்தது உனக்குத் தெரிந்திருக்காது. ஆவணியில் மறுபடி மனு எழுதினாய், அதே மூன்று தலைப்பில். "மூடுனா தொறக்க வேண்டியதுதான். நம்ம வேலையே அதானே?"

புரட்டாசியில் நீ போனாய்.

அதை நீளமாக எழுத மாட்டேன். குறுவை அறுத்த ஈர நெல்லை ரோட்டில் பாதிக்குப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். சாயங்காலம் தூறல் விழுந்தது. தார்ப்பாயை எடுத்துக்கொண்டு யாரோ குறுக்கே ஓட, நீ பைக்கை ஒரு பக்கமாக ஒடித்திருக்கிறாய். சக்கரம் நெல்லில் ஏறியது. அவ்வளவுதான். அந்த நெல்லுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். உன் அம்மா அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு என்னிடம் மட்டும், "அவங்க மட்டும் எங்கதான் தம்பி காயவைப்பாங்க?" என்றார்.

ஒரு மாதம் நான் ஆபீஸ் போகவில்லை. வழக்கப்படி வேலையை விட்டுவிட்டேன் என்று வீட்டில் நினைத்தார்கள். ஐப்பசியில் உன் அம்மா போன் செய்தார்.

"தம்பி, ஒரு காயிதம் வந்திருக்கு. அவன் பேருக்கு வந்திருக்கு."

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நிலத்தை அளக்க நாள் குறித்திருந்தார்கள். நீ திறந்த மனு. சர்வேயர் வருகிறார், மனுதாரர் நேரில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

போனேன். மூன்று நாள் மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. அடுத்த போகமான தாளடிக்கு உன் வயலைச் சேறடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மனைக்கட்டு நிலமும் சேறாகக் கிடந்தது. மிராசுதார் வீட்டுப் பேரன் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சர்வேயர் கால்சட்டையை மடித்துவிட்டு வரப்பில் ஏறி, "மனுதாரர் யாருங்க?" என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன்.

"நான்தாங்க," என்றார் உன் அம்மா.

சர்வேயர் கிழக்கு மூலையில் இருந்த கல்லைப் பார்த்தார். மேற்கே வந்தார். "இங்க கல்லு எங்கம்மா? ஒரு கல்ல மட்டும் வச்சு நான் எதை அளக்குறது? போன தடவையே எழுதியிருக்காங்களே." பையில் இருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவை நான் அறிவேன். மூடுகிற பேனா. நானே பிடித்திருக்கிறேன்.

அப்போதுதான் உன் குரல் எனக்குக் கேட்டது. பேய், ஆவி என்று நினைக்காதே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீ மேசையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி. மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?

"அம்மா," என்றேன், "நடவு நடும்போது இந்த மூலை வந்துடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கல்லு இடிக்கும்ல."

"எதுல இடிக்கும்?"

"குதிங்கால்லதான். முன்னாடியா போறோம்?"

"இப்ப போனா இடிக்குமா?"

அவர் சேலையைத் தூக்கிச் சொருகினார். கிழக்குக் கல்லுக்குப் போனார். அதற்கு முதுகைக் காட்டி நிற்பார் என்று நினைத்தேன். இல்லை. கல்லைப் பார்த்து நின்றார். கல்லுக்கு அப்பால் பூவரச மரம், அதற்கும் அப்பால் பழைய ரைஸ்மில் புகைபோக்கி. இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தார். "பொகபோக்கி மரத்துக்குப் பின்னாடி மறையணும் தம்பி. அப்பதான் வரி நேரா வரும்," என்றார். குனிந்தார். கையில் நாற்று இல்லை. ஆனால் விரல்கள் சேற்றைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தார்.

நானும் பக்கத்தில் இறங்கிப் பின்னோக்கி நடந்தேன். நாலாவது அடியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா தலையைத் தூக்கி, நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "பாயம்மா வளத்த புள்ள, சேத்துல எறங்குனா இப்படித்தான்," என்றார். குனிந்து மறுபடி தொடர்ந்தார்.

புது வரப்பு வந்தது. அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். "அம்மா, அது எங்க எடம்," என்றார் குடைக்காரர். உன் அம்மா புகைபோக்கியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓரடி. இன்னொரு அடி. நின்றார்.

"ம்," என்றார். அவ்வளவுதான்.

நான் தவழ்ந்து போய்க் கையை விட்டேன். முழங்கை வரை சேறு. அதற்குக் கீழே, சாய்ந்து, சில்லென்று, கல். நானும் சர்வேயரோடு வந்திருந்த தலையாரியும் சேர்ந்து நிமிர்த்தினோம். சர்வேயர் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். மேலே வெட்டிய அம்புக்குறி தெரிந்தது.

"இத எங்கேர்ந்தாவது கொண்டாந்து போட்டிருப்பாங்க," என்றார் குடைக்காரர்.

"ரெண்டு ஆள் தூக்குற கல்லு சார். அந்தம்மா குதிங்கால்ல கட்டிக்கிட்டா கொண்டாந்துச்சு?" என்றார் சர்வேயர். சங்கிலி போட்டு அளந்தார். சர்வே புத்தகத்தில் இருந்த அளவுக்கும் கல்லுக்கும் ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை. 'கல் உள்ளது' என்று எழுதினார். நான் அந்த இரண்டு சொல்லையும் போட்டோ எடுத்தேன். உனக்கு அனுப்பப் போய், பாதியில் நிறுத்தினேன்.

திரும்பும்போது உன் அம்மாவிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"யாரு என்னையக் கேட்டா?" என்றார். கோபமாக இல்லை. "அவனும் கேக்கல. போனையே பாத்துக் குத்திக்கிட்டுக் கெடந்தான். படிச்ச புள்ள, அதுல எல்லாம் இருக்கும்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "அதுவுமில்லாம காஞ்ச மண்ணுல எனக்கும் தெரியாது. சேறு வேணும்."

இதைத்தான் மாப்ள என்னால் தாங்க முடியவில்லை. கேமில் அந்த மூலையைக் கண்டுபிடித்தவன் நீ. நாற்று நடுகிறவள் எப்படிப் போவாள் என்று எனக்குச் சொன்னவன் நீ. உன் வயலில் மட்டும் நீயும் என்னை மாதிரியே முன்னால் பார்த்து நடந்திருக்கிறாய். ஒரு மழைக்குக் காத்திருந்தால் போதும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதை நீ கண்டுபிடித்து, "சே, என்ன பாய் இது!" என்று தலையில் அடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டும். வேறு எதுவும் இல்லை.

வரப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. குடைக்காரர் மேலே அப்பீல் போயிருக்கிறார், அது நடக்கிறபடி நடக்கட்டும். வாய்மடை திறந்தது. தாளடி நட்டார்கள். மாசி மாதம் உன் அம்மா புது அரிசி கொடுத்தனுப்பினார். எங்கம்மா அதில் கஞ்சி காய்ச்சி, முதல் கிண்ணத்தை யாருக்கும் கொடுக்காமல் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். நம்ப மாட்டாய். மூன்று மாதம் தாண்டாதவன். இப்போது எது வந்தாலும், கார் கேமோ, துப்பாக்கி கேமோ, முதலில் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று. பிறகு அதே சுற்று, பின்னோக்கி. புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போன வாரம்கூட ஒரு பாலத்தில் ஒரு ஓட்டை கிடைத்தது. யாரும் பின்னோக்கிப் பாலம் தாண்ட மாட்டார்கள் என்று சொல்லி மூடினார்கள். திறந்துவிட்டேன்.

இன்றைக்கு ஆபீஸுக்குப் போனதும் அடித் தட்டில் இருந்த பழைய போனை எடுத்தேன். உன் போன், மூலை உடைந்தது. சார்ஜ் ஏற அரை மணி நேரம் ஆனது. பழைய கேம் அதில் அப்படியே இருந்தது. ரேவதி அக்கா எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கேமே இப்ப கடையில கெடையாதேடா. கம்பெனியே நிறுத்திட்டான். அத எதுக்குத் தொறந்து வச்சிருக்க?"

"மூட வேணாம்னு சொல்லியிருக்கான்க்கா."

அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். கீழே குடம் தட்டுகிற சத்தம். ஆளைத் திருப்பி நிறுத்தினேன். நாற்றுக்கட்டைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு நாற்றாக நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். நட்டதெல்லாம் முன்னால் பச்சையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. மூலை வந்தது. விழுந்தான். வயல் தலைக்கு மேலே போனது. அவன் கையைப் பார்த்தேன்.

விடவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதினேன், நீ கேட்கிற மாதிரி முழுசாக: 'இன்று சரிபார்த்தேன். கையில் நாற்றோடு பின்னோக்கி நடந்தேன். மேற்கு மூலையில் இப்போதும் விழுகிறான்.' அனுப்பினேன்.

அடுத்த நொடி என் போன் அதிர்ந்தது. உன் பெயரில் இன்னொரு மெயில். 'பிழை திறந்த நிலையில் உள்ளது.'

சரி மாப்ள. மூடல.